சாங்கி – நியூயார்க்: தூரமும் நேரமும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்குக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விடும் நேரடி விமானம் பற்றியவை.

கேள்வி: இரவு 11.30-க்குக் கிளம்பி மறுநாள் காலை 6 மணிக்கு நியூயார்க்காம். ஆறரை மணி நேரம்தானா?

பதில்: டிக்கெட்டில் உள்ள இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால். ஆக, பதினெட்டரை.

கேள்வி: தூரம் ஓரிடத்தில் 9,500, இன்னோரிடத்தில் 8,300. எது சரி?

பதில்: இரண்டும். முன்னது மைல், பின்னது கடல் மைல். கிலோமீட்டரில் 15,350. எண்ணுக்குப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்றும் பாருங்கள்.

கேள்வி: 15,350-ஐ 900-ஆல் வகுத்தால் 17 மணி நேரம். கம்பெனி ஏன் கூடுதலாகப் போடுகிறது? காலை 8 மணிக்கு நியூயார்க்கின் இன்னொரு விமான நிலையமான லகார்டியாவில் எனக்கு வேறொரு விமானம் இருக்கிறது.

பதில்: இந்த வகுத்தல் கணக்கைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. 15,350 என்பது உருண்டையின் மேல் நூல் பிடித்த தூரம். சாங்கி 104 டிகிரி கிழக்கு, நியூயார்க்கில் விமானம் இறங்கும் கென்னடி விமான நிலையம் 74 டிகிரி மேற்கு, கூட்டினால் 178, அதாவது கிட்டத்தட்ட 180, உருண்டையின் எதிர்ப்பக்கம். அதனால் நூல் வடதுருவத்தை ஒட்டிப் போகும். விமானம் அப்படிப் போக வேண்டியதில்லை. நியூயார்க் போகும்போது பெரும்பாலும் பசிபிக் பக்கம் போய் ஜெட் ஸ்ட்ரீமை, அதாவது உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் காற்றை, பிடிப்பார்கள். பின்னாலிருந்து காற்று மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் தள்ளினால், ஆயிரம் கி.மீ. சுற்றினாலும் லாபம்தான். அப்புறம், டிக்கெட் நேரம் கேட்டிலிருந்து கேட் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்கியபின் கேட் காலியாகக் காத்து நிற்பது எல்லாம் அதில் சேர்த்தி.

சரி, 8 மணி விமானம் கிடைக்குமா? கிடைக்காது. குடிநுழைவு வரிசை, பெல்டில் பெட்டி, சுங்கம், பிறகு காலை நெரிசலில் இன்னொரு விமான நிலையத்துக்கு டாக்ஸி. முதல் விமானம் தாமதமானால், தனி டிக்கெட் விற்ற இரண்டாவது கம்பெனிக்கு அதைப் பற்றி என்ன கவலை? ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். முடியாவிட்டால் ஐந்து மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: எகானமியில் என்ன விலை?

பதில்: எகானமியே கிடையாது. இதற்கு விடும் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூர வகை) விமானத்தில் பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94, அவ்வளவுதான்.

கேள்வி: முன்பு ஒருமுறை இதை நிறுத்தினார்களே?

பதில்: 2004-ல் நியூயார்க் பக்கத்திலுள்ள நெவார்க் விமான நிலையத்துக்கு ஏ340-500 விட்டார்கள். நான்கு என்ஜின், எண்ணெய்ச் செலவு கட்டுபடியாகாமல் 2013-ல் நின்றது. 2018-ல் இப்போதைய விமானத்தோடு நெவார்க் சேவை மறுபடி வந்தது, 2020-ல் கென்னடி சேவையும் வந்தது.

கேள்வி: அமெரிக்காவுக்கு எத்தனை மணி நேரம்?

பதில்: எந்த ஊருக்கு? நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவே 4,000 கி.மீ.க்கு மேல். ஊரை எழுதுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் போனால்?

பதில்: சென்னை – சாங்கி 2,900 கி.மீ., நான்கு மணி நேரம் சொச்சம். காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு முழு நாளைத் தாண்டும். ஐரோப்பா, வளைகுடா வழிகள் தூரம் குறைவு. எந்த வழியானாலும், மறுபடியும் சொல்கிறேன், ஒரே டிக்கெட்.