தொண்டியில் ஒதுங்கிய உடல்: பல்லை வைத்துப் பார்க்க என்ன வேண்டும்

தம்பி, தொண்டியில் ஒதுங்கிய உடல் கடலுக்குப் போன உங்க அண்ணனா, பல்லை வச்சுத் தெரியுமான்னு கேட்டிருக்கீங்க. தெரியும். மனசைத் திடப்படுத்திக்கோங்க.

அண்ணனுக்கு ரூட் கேனால் (பல் வேர் சிகிச்சை) செஞ்ச கிளினிக்கில் எக்ஸ்ரேயை அசலாவே வாங்குங்க. வாட்ஸ்அப்பில் தெளிவு போயிடும். வேருக்குள்ள அடைச்சதோட வடிவமும், பல் மேல போட்ட உறையும் (கேப்) அந்த உடலின் பல்லோட அப்படியே பொருந்தினா பெரிய ஆதாரம். பல் தெரியச் சிரிக்கிற போட்டோவும் கொடுங்க.

உடலில் முன்பல் இல்லைன்னு பதறாதீங்க. அதுக்கு ஒற்றை வேர், பிடிச்சிருக்கிற திசு அழுகினதும் தண்ணியில் கழன்றுடும். பல் இருந்த குழியின் விளிம்பு ஆறாம கூர்மையா இருந்தா இறக்கும் சமயத்திலோ இறந்தபின்னோ விழுந்தது. எலும்பு வளர்ந்து மூடியிருந்தா உயிரோட இருக்கும்போதே போனது. கடைவாய்ப்பல் பெரும்பாலும் நிற்கும், அதில் டிஎன்ஏ கிடைக்கும். ஒப்பிட அம்மாவின் ரத்தத்தைப் போலீஸ் மூலமா கொடுங்க. அண்ணனோட பல் பிரஷ்ஷைக் கழுவாம காகித உறையில் வைங்க. பிளாஸ்டிக்கில் ஈரம் நின்னு கெட்டுடும்.

உடம்பில் கடித்தடம்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க, நண்டும் மீனும் கொத்தியிருக்கலாம்.