பதில்: ஹெட்செட் மாட்டினால் மகன் வாந்தி எடுக்கிறான்

வணக்கம் சகோதரி. மகனுக்கு ஆறு வயது, வளர்ச்சித் தாமதம், இடது கையை நீட்டமாட்டான், கையை நீட்டவைக்கும் விளையாட்டுப் பயிற்சிக்காகக் குவெஸ்ட் 2 (கண்ணை மூடித் தலையில் மாட்டும் விஆர் திரை) மாட்டினால் ஐந்தே நிமிடத்தில் வாந்தி என்று சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். ஹெட்செட்டை எடுத்து வைத்துவிடுங்கள். அதன் லென்ஸ் இடைவெளி 58, 63, 68 மில்லிமீட்டர் என மூன்றே நிலைதான்; ஆறு வயதில் கண்மணிகளின் இடைவெளி பெரும்பாலும் அதைவிடக் குறைவு. படம் மங்கும், கண் திணறும். எடையும் அரைக் கிலோ. தயாரிப்பாளரே பத்து வயதுக்குக் கீழ் வேண்டாம் என்கிறார்.

அதே பயிற்சிக்கு, டிவியில் இணைக்கும் கேம் கருவியான பழைய எக்ஸ்பாக்ஸ் 360, அதோடு உடல் அசைவைப் பார்த்து விளையாட்டை நடத்தும் கினெக்ட் சென்சார் இரண்டையும் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். தலையில் எதுவும் வேண்டாம், டிவி போதும். கினெக்டுக்குத் தனி பவர் அடாப்டர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய எக்ஸ்பாக்ஸில் அது இல்லாமல் ஓடாது. பிள்ளை சுமார் 2 மீட்டர் தள்ளி நிற்கட்டும். வெயில் விழும் வராண்டா ஆகாது, சென்சாரின் அகச்சிவப்புக் கதிர் குழம்பிவிடும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: விழுந்துவிடுவானோ என்று பின்னால் நின்று அணைத்துப் பிடிப்பார்கள். சென்சார் இருவரையும் ஒரே உடம்பாக எடுத்துக்கொண்டு உங்கள் கைக்கு மதிப்பெண் போடும்! பக்கவாட்டில் முழங்காலிட்டு, கையை நீட்டி இடுப்பை மட்டும் பிடியுங்கள்.

வலது கையில் மென்பந்து ஒன்றைக் கொடுத்துவிட்டால் இடது கை தானாக எழும்பப் பார்க்கும். பத்து நிமிடம் போதும். முடிந்ததும் திரையில் எட்டிய அதே உயரத்தில், இடப்பக்கம் பிஸ்கட் டப்பாவை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பயிற்சி டிவியோடு நின்றுவிடும்.

வலிப்பு வந்ததுண்டா? அப்படியானால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள்.