தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகும் மகன்

அன்புள்ள ஆலோசகருக்கு,

வேளச்சேரியிலிருந்து எழுதுகிறேன். வயது 67. தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். 1980-ல் முதல் ஓட்டு போட்டேன். அதற்கப்புறம் ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை. இப்போது எந்தக் கட்சிக்காரர் முகத்தைப் பார்த்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

2015 டிசம்பரில் எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். நனைந்த பத்திரங்களை மொட்டை மாடியில் ஒவ்வொரு தாளாகக் காயவைத்தோம். இனி இப்படி நடக்காது என்றார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது, மறுபடி அதே கதை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றிக் கட்டடமாகக் கட்ட விட்டது யார்? எந்த ஆட்சியைச் சொல்வது? 2016-லிருந்து 2022 வரை சென்னைக்குக் கவுன்சிலர்களே கிடையாது. யாருக்காவது உறைத்ததா? ஓட்டுக்குப் பணம் கொடுக்கிறவனுக்கும் வெட்கமில்லை, வாங்குகிறவனுக்கும் இல்லை. எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டினார்கள். தண்ணீர் உள்ளே போக வேண்டிய ஓட்டை, ரோட்டைவிட அரையடி உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் என்ன படியேறியா போகும்?

ராத்திரி டிவியில் விவாதம் பார்ப்பேன். கத்தாமல் இருக்க முடிவதில்லை. "மேலே மந்திரியிலிருந்து கீழே அளவு எடுக்கிறவன் வரைக்கும் அத்தனை பேரும் திருடனுங்க" என்பேன். என் மகனும் ஒரு அரசுத் துறையில் உதவிப் பொறியாளர்தான். விவாதம் ஓடும்போது சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறான். போன தீபாவளிக்குப் புது கார் எடுத்தான், லோன் என்றான். அது போகட்டும்.

டெண்டர்களுக்கு வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-லேயே வந்துவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல். ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக் ஆயுக்தாவுக்கான சட்டம் 2018-ல். சட்டத்துக்கா குறைச்சல்? நல்ல கொள்கை வகுக்கிற, அதைச் செய்தும் காட்டுகிற ஓர் ஆட்சியைப் பார்ப்பேன் என்ற நம்பிக்கையே போய்விட்டது. அந்த வடிகாலைத் தாண்டும்போதெல்லாம் ரத்தம் கொதிக்கிறது. தூக்கம் வருவதில்லை. இந்தக் கோபத்தை எப்படிக் குறைப்பது?

— வேளச்சேரி வாசகர்

அன்புள்ள ஐயா,

உங்கள் வடிகால் கோபத்தைக் குறைக்க நான் வழி சொல்லப் போவதில்லை. இரண்டு வெள்ளம் பார்த்த வீட்டுக்காரருக்கு அது நியாயமாக வர வேண்டிய கோபம்.

ஆனால் வெள்ளம் பல வருடத்துப் பிரச்சினை. கார் போன தீபாவளிக்குத்தான் வந்தது. தூக்கம் எப்போதிலிருந்து போனது என்று நீங்கள் எழுதவில்லையே?

மகனின் வேலை, தட்டு, கார், லோன் எல்லாவற்றையும் நாலு வரியில் முடித்துவிட்டு நேராகச் சட்டங்களுக்குப் போய்விட்டீர்கள். வேலைக்காலம் முழுக்கக் கணக்குப் பார்த்தவர் நீங்கள். மகனின் சம்பளத்தையும் காரின் மாதத் தவணையையும் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் இருந்திருப்பீர்கள் என்று நான் நம்பவில்லை. கணக்கு இடித்திருக்கலாம், சரியாகவும் வந்திருக்கலாம். எதுவானாலும் அவரிடம் கேட்கவில்லை. அவர் காதில் விழும்படி டிவியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்த விஷயத்தில் நான் மகன் பக்கம்தான். அவர் நேர்மையானவர் என்று சான்றிதழ் தருவதாக நினைக்க வேண்டாம், அது எனக்குத் தெரியாது. அவர் கை சுத்தமானவராகவே இருந்தால், பகலெல்லாம் அளவைக் கூட்டி எழுதச் சொல்கிற காண்ட்ராக்டரிடம் மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறார். இங்கே அப்பாவே திருடன் பட்டம் கட்டுகிறார். ஒருவேளை சறுக்கியிருந்தால், 'எல்லாரும் திருடர்கள்' என்பதைவிட வசதியான சமாதானம் அவருக்கு வேறு கிடைக்காது. எல்லாரும்தான் என்றால் அவர் மட்டும் எதற்குக் கூச வேண்டும்? அந்தச் சமாதானத்தைத் தினமும் ராத்திரி நீங்களே கொடுக்கிறீர்கள்.

உங்கள் அரசியல் சலிப்பிலும் இதேதான் நடக்கிறது என்பது என் எண்ணம். எல்லாரையும் திட்டினால் யாரையும் தனியாக நிறுத்திக் கேட்க வேண்டியதில்லை. அந்த வடிகாலுக்கு மட்டம் பார்த்தது யார், பில் பாஸ் செய்தது யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். சட்டம் வந்த வருடம் வரைக்கும் நினைவில் வைத்திருக்கிற நீங்கள் ஒரு மனு போட்டதாகக் கடிதத்தில் இல்லை. மனு போட்டால் பதில் வரும் என்பதைவிட, பெயர் ஒன்று வரும். பெயர் வந்தால் 'எல்லாரும்' என்று சொல்ல முடியாது. அந்தச் சங்கடம் உங்களுக்கு நல்லது.

மகனோடு பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம். "அந்த ஓட்டை ஏன்பா இவ்வளவு உயரத்தில் நிக்குது?" என்று கேளுங்கள். குற்றம் சாட்டாமல், தெரிந்துகொள்ளக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் அவருடைய வேலை எப்படிப்பட்டது என்பதும் கொஞ்சம் தெரியும். அப்புறம் ஒரு நாள், டிவி ஓடாத நேரத்தில், காரைப் பற்றி நேராகக் கேளுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம், எனக்குச் சந்தேகம் வந்தது, அதனால் கேட்கிறேன் என்றே சொல்லலாம். கோபித்துக்கொள்வார். கோபிக்கட்டும், மாடிக்குப் போவதைவிட அது மேல்.

ஒன்று கேட்க விட்டுப்போனது. அந்தத் தட்டில் சோறு போட்டுத் தருகிறவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. உங்கள் மனைவியோ மருமகளோ, யாராக இருந்தாலும் முதலில் அவரிடம் பேசுங்கள். அந்த லோன் விவரம் அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கும்.