மின் கட்டணம் ஏன் எகிறுகிறது? கேள்வி பதில்

(தமிழ்நாட்டு வீட்டு இணைப்புகளுக்கு 2024 ஜூலையில் வந்த வீதப்படி. இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு.)

சார், போன தடவை 490 யூனிட், ரூ.1,742. இந்தத் தடவை 510 யூனிட், ரூ.2,124. இருபது யூனிட்டுக்கு 382 ரூபாயா? ரீடிங் எடுத்தவர் தப்பாப் போட்டுட்டாரா?

தப்பில்லை. 500 யூனிட்டைத் தாண்டினால் வீதப் பட்டியலே வேறு. 500 வரை முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, அதற்கு மேல் ரூ.6.30. 500 யூனிட்டுக்கு ரூ.1,805 ஆகும். 501 ஆனால் அந்த ரூ.2.35 சலுகை போய், 101-லிருந்தே 400 வரை ரூ.4.70 போடுவார்கள், 401 முதல் 500 வரை அதே ரூ.6.30, 501 முதல் 600 வரை ரூ.8.40. மொத்தம் ரூ.2,048. அந்த ஒரு யூனிட்டால் 243 ரூபாய் கூடிவிடும்! அதனால் ரீடிங் எடுத்ததிலிருந்து 45-ஆம் நாள் மீட்டரைப் பாருங்கள். 375 யூனிட்டைத் தாண்டியிருந்தால், இதே வேகத்தில் 500 தாண்டிவிடும். ஏசி, கீசரைக் குறைக்க அப்போதும் 15 நாள் இருக்கிறது.

அண்ணா, எங்க வீட்டுக்கு ரீடிங் எடுக்க எட்டு நாள் லேட்டா வந்தாங்க. அதனால என்ன ஆகும்?

நிறைய ஆகும். நாளுக்கு 7.5 யூனிட் ஓடும் வீட்டில் 60 நாளுக்கு 450 யூனிட், ரூ.1,490. அதே வீட்டில் 68 நாளுக்கு 510 யூனிட், ரூ.2,124. மின் கணக்கு அட்டையில் இரண்டு ரீடிங் தேதிகளுக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். 60 நாளுக்கு அதிகமாக இருந்தால் அட்டை நகலுடன் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னது பிறகு நிற்காது.

மீட்டர் வேகமா ஓடுதுன்னு சந்தேகம். வீட்டிலேயே பார்க்க முடியுமா சார்?

முடியும். முதலில் மெயினை அணையுங்கள். மீட்டரில் உள்ள சிவப்பு விளக்கு அப்போதும் சிமிட்டிக்கொண்டே இருந்தால், மெயினுக்கு முன்னாலேயே யாரோ கரண்ட் இழுக்கிறார்கள் அல்லது மீட்டர் பழுது. நின்றுவிட்டால், 1,000 வாட் அயர்ன்பாக்ஸை மட்டும் போட்டு ஒரு நிமிடம் சிமிட்டல்களை எண்ணுங்கள். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு (3200 imp/kWh) என்று அச்சிட்டிருந்தால், சுமார் 53 வரவேண்டும். அயர்ன்பாக்ஸ் சூடேறித் தானாக அணைந்துவிட்டால் மறுபடி எண்ணுங்கள். மின்னழுத்தத்தைப் பொறுத்து ஐந்தாறு கூடலாம், குறையலாம். எழுபது எழுபத்தைந்து வந்தால் மீட்டர் பரிசோதனைக்கு மனு கொடுங்கள்.

மீட்டரில் ‘எர்த்’ விளக்கு எப்பவும் எரியுது. பரவாயில்லையா?

விடாதீர்கள். ஃபேஸ் கம்பியில் போகிற கரண்டும் நியூட்ரல் கம்பியில் திரும்புகிற கரண்டும் சமமாக இல்லை என்று அர்த்தம். பல மீட்டர்கள் இரண்டில் அதிகமானதையே கணக்கில் எடுக்கும். மாடி வீட்டு நியூட்ரல் உங்கள் நியூட்ரலோடு சேர்ந்திருந்தால், அவர்கள் ஓட்டும் கரண்ட் உங்கள் கணக்கில் ஏறும். இன்வெர்ட்டர் மாட்டியபோது நியூட்ரலை மாற்றி இணைப்பதும் வழக்கமான தவறு. வயரிங்கைச் சரிபார்க்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மீட்டர் சீலை மட்டும் யாரும் தொடக்கூடாது.

நிலைக் கட்டணம் (எத்தனை யூனிட் ஓடினாலும் கட்ட வேண்டிய தொகை) தனியா உண்டா?

வீடுகளுக்கு இல்லை. 2022 செப்டம்பரிலேயே எடுத்துவிட்டார்கள்.