அரிசியும் முட்டைக்கோசும்

அன்புள்ள ஐயா,

இந்த விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு 'மாஷ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் கிறிஸ்துமஸ் பகுதி ஒன்றைப் பார்த்தேன். 1980 டிசம்பரில் வந்த 'டெத் டேக்ஸ் எ ஹாலிடே'. கொரியப் போர் நடக்கும்போது ஓர் அமெரிக்க ராணுவ மருத்துவ முகாம், பக்கத்து அனாதை இல்லத்துப் பிள்ளைகளுக்கு விருந்து வைக்கிறது. அங்கிருக்கும் வின்செஸ்டர் என்ற பணக்கார டாக்டர், தன் குடும்ப வழக்கப்படி யாருக்கும் தெரியாமல் உயர்ந்த ரகச் சாக்லேட்டை அந்த இல்லத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். இல்லத்தை நடத்துபவரோ அதைக் கள்ளச் சந்தையில் விற்றுவிடுகிறார். அரிசி வாங்கினேன் என்கிறார். எதை வாங்கினால் என்ன, பிள்ளைகளுக்கென்று வந்ததை விற்றவர் திருடன்தானே? ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு மீதியை விற்றிருக்கலாமே! "அந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு துண்டுகூடக் கிடைக்கலையாம்மா?" என்று என் மகன் கேட்டு அழுதான். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். நகைச்சுவைத் தொடர்களில் கிறிஸ்துமஸ் வந்தாலே ஏன் பெரியவர்கள் கையில் திடீரென்று பிள்ளைகளைக் கொடுத்துவிடுகிறார்கள்? சாவு நடக்கிற கதையில் பதிவு செய்த சிரிப்பொலி எதற்கு?

ர.

அன்புள்ள ர.,

அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் உங்கள் கடிதத்துக்கு இரண்டு வரியில் பதில் போட்டிருப்பேன். 'திருடன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

சிரிப்பொலி விஷயம் எளிது. தொலைக்காட்சி நிறுவனம் அதைக் கேட்டது, தொடரை எடுத்தவர்களுக்கு அதில் விருப்பமில்லை. அறுவைச் சிகிச்சைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பு வரக் கூடாது என்று போராடி வாங்கிக்கொண்டார்கள். பிரிட்டனில் பிபிசி அதைச் சிரிப்பொலி இல்லாமலே ஒளிபரப்பியது. அப்படி ஒரு பிரதி கிடைத்தால் பாருங்கள், வேறு தொடர் போலவே இருக்கும். பிள்ளைகள் ஏன் திடீரென்று வருகிறார்கள் என்றால், அரை மணி நேரத்துக்குள் ஒரு பெரிய மனுஷனை இளக வைக்க அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

சரி, சோய் சங் ஹோவுக்கு வருகிறேன். நீங்கள் பெயர்கூடச் சொல்லாமல் 'இல்லத்தை நடத்துபவர்' என்று எழுதிய மனிதருக்கு அதுதான் பெயர். கீ லூக் நடித்திருக்கிறார். சில நிமிடங்கள்தான் வருகிறார். அவருடைய முகத்தைப் பார்த்தீர்களா? வின்செஸ்டர் கோபத்தோடு சண்டைக்கு வருகிறார். இவர் குரலை உயர்த்தவில்லை. அந்தச் சாக்லேட் விற்ற காசில் ஒரு மாதத்துக்கான அரிசியும் முட்டைக்கோசும் வந்தது என்கிறார். ஒரு மாதம்! அதைச் சொல்லிவிட்டு, உங்கள் குடும்ப வழக்கத்தை என்னால் காப்பாற்ற முடியவில்லை, மன்னியுங்கள் என்கிறார். வின்செஸ்டருக்கு அங்கேதான் உறைக்கிறது. சாப்பாடே காணாத பிள்ளைக்கு இனிப்பைக் கொண்டுவந்து நீட்டிய நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறார்.

பணக்கார டாக்டருக்குப் புரிந்தது உங்களுக்குப் புரியவில்லை என்பதுதான் என் வருத்தம். எத்தனையோ வருஷமாக அடுப்படியில் நிற்கிற பெண் நீங்கள். 'ஆளுக்கு ஒன்று' என்கிறீர்களே, அந்த ஒன்று எத்தனை வேளைச் சோறு என்று கணக்குப் போட்டீர்களா? போர் நடக்கிறது. இல்லத்தில் இருக்கிற பிள்ளைகளின் எண்ணிக்கை நாளைக்குக் கூடுமே தவிரக் குறையாது. கையில் இருப்பது ஒரே ஒரு விலையுள்ள பொருள். இன்றைக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தால் இன்றைக்குச் சிரிப்பார்கள். இருபதாம் நாள் பானை காலியாகும்போது யார் வாசலில் போய் நிற்பது? அந்தக் கேள்வி சோய்க்கு இருக்கிறது. வின்செஸ்டருக்கு இல்லை, உங்களுக்கும் இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அந்தப் பகுதியை எடுத்தவர்களே சோயைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அவர் மன்னிப்புக் கேட்டதும் கேமரா அவரை விட்டு வின்செஸ்டரோடு போய்விடுகிறது. விருந்துக்குப் போகாமல் தனியாக உட்கார்ந்திருக்கிறார் வின்செஸ்டர். அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்ட, முகாமின் எழுத்தர் கிளிங்கர் ஒரு தட்டில் சாப்பாடு கொண்டுவந்து வைத்து, இதைத் தந்தவர் யாரென்று சொல்லக் கூடாது, அது குடும்ப வழக்கம் என்கிறான். எப்போதும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்கிற இருவரும் அன்றைக்கு முதல் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் அழுகிறேன். வின்செஸ்டராக டேவிட் ஆக்டன் ஸ்டியர்ஸ் அப்படி நடித்திருக்கிறார். ஆனால் நாம் அழுவது யாருக்காக? ஓர் இரவு சங்கடப்பட்ட டாக்டருக்காக. அன்றைக்கு ராத்திரி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இல்லத்துக்குத் திரும்பிய சோய் என்ன செய்தார், எதைச் சாப்பிட்டார் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை.

(அதே பகுதியில் முகாமின் டாக்டர்கள் ஹாக்ஐ, பி.ஜே., தலைமை நர்ஸ் மார்கரெட் மூவரும், பிழைக்க வழியில்லாத ஒரு சிப்பாயின் உயிரை நள்ளிரவு தாண்டும்வரை பிடித்துவைக்கப் பாடுபடுகிறார்கள். கிறிஸ்துமஸ் என்றால் அப்பா செத்த நாள் என்று அவன் பிள்ளைகளுக்கு ஆகிவிடக் கூடாது என்பதற்காக. முடியவில்லை. ஹாக்ஐ கடிகார முள்ளை நகர்த்திவைக்கிறான். முகம் பார்க்காத பிள்ளைகளுக்காகச் செய்த காரியம் அது. அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதாதது எனக்கு ஆச்சரியம்.)

தொடரில் சோயைப் பாதியில் விட்டதுபோல நிஜத்திலும் நடந்தது. 1950 டிசம்பர். சீனப் படை இறங்கி வருகிறது, தென்கொரியத் தலைநகர் சியோல் விழப்போகிறது. தெருவில் கிடந்த அனாதைப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துப் பார்த்துவந்த ரஸ்ஸல் பிளெய்ஸ்டெல் என்ற அமெரிக்க விமானப்படைப் பாதிரியார், சார்ஜென்ட் ஒருவரின் துணையோடு, சுமார் ஆயிரம் பிள்ளைகளை இஞ்சான் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிறார். வர வேண்டிய கப்பல் வரவில்லை. நாள்கணக்கில் குளிரில் காத்துக் கிடக்கிறார்கள். மறுநாள் காலைக்குள் கிம்போ விமானத் தளத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தால் விமானம் தருகிறோம் என்று ஓர் அதிகாரி சொல்கிறார். துறைமுகத்தில் சிமெண்ட் ஏற்றிக்கொண்டிருந்த ராணுவ லாரிகளைப் பிடித்துப் பிள்ளைகளை ஏற்றுகிறார் பாதிரியார். டிசம்பர் 20ஆம் தேதி விமானங்கள் அவர்களை ஜேஜு தீவில் இறக்குகின்றன. கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்னால்.

1957இல் ஹாலிவுட் இதைப் படமாக எடுத்தது. கதாநாயகன் பிளெய்ஸ்டெல் அல்ல. டீன் ஹெஸ் என்ற விமானி. ராக் ஹட்சன் நடித்தார். ஹெஸ்ஸை நான் குறை சொல்ல மாட்டேன், ஜேஜுவில் பிள்ளைகளுக்கு இடம் ஏற்பாடு செய்ததில் அவர் பங்கு பெரியது. ஆனால் லாரி பிடித்தவர் வெகுகாலம் மறக்கப்பட்டார். அவராவது பரவாயில்லை. தீவில் அந்த ஆயிரம் பிள்ளைகளையும் ஏற்றுக்கொண்டு இல்லத்தை நடத்தியவர் ஹ்வாங் ஓன் சூன் என்ற கொரியப் பெண்மணி. விமானம் திரும்பிப் போனபிறகு அம்மை கண்ட பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டியதும், செத்த பிள்ளையைப் புதைத்ததும், அடுத்த வேளைக்கு அரிசி தேடியதும் அவரும் அவரோடு இருந்தவர்களும்தான். படத்தில் அவர் சாயலில் வரும் பாத்திரத்தை அழகான இளம்பெண்ணாக்கி, கடைசியில் விமானத் தாக்குதலில் சாகடித்துவிட்டார்கள். நிஜத்தில் அவர் அப்போது நடுவயதுக்காரர். போருக்குப் பிறகும் அந்த வேலையில் இருந்தார்.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். என் பெரியம்மா ஒரு பிள்ளைகள் விடுதியில் சமையல் பொறுப்பில் இருந்தார். அரையாண்டு லீவில் என்னை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். டிசம்பர் கடைசியில் கார்கள் வரும். கேக், பிஸ்கட், மிட்டாய். பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவார்கள், வந்தவர்கள் கையால் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஒரே நாளில் மூன்று பேர் கேக் கொண்டுவந்தால் மூன்றையும் அன்றே தின்றாக வேண்டும், மறுநாள் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. அரிசி கொண்டுவாருங்கள், எண்ணெய் கொண்டுவாருங்கள் என்று பெரியம்மா எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தார். பிள்ளைக்கு ஆசையாகக் கொடுக்கிறோம், அரிசியா கொண்டுவருவது என்பார்கள். அப்புறம் ஜனவரி வரும். காரே வராது. பிப்ரவரியில் சாம்பார் வெறும் புளித்தண்ணீராக இருக்கும்.

அதனால் அவர் பிஸ்கட் பாக்கெட்டுகளில் பாதியை எடுத்து ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிடுவார். ஒரு வருஷம், கொடுத்துவிட்டுப் போன ஒரு குடும்பம் மறந்து வைத்த பையை எடுக்கத் திரும்பி வந்தது. ஸ்டோர் ரூம் திறந்திருந்தது. அந்த அம்மாள் எல்லார் முன்னாலும் பெரியம்மாவைப் பார்த்துச் சொன்ன சொல்தான் நீங்கள் எழுதிய சொல். எனக்குப் பத்து வயது. பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். சோய் சொன்ன அதே வார்த்தை. பல வருஷம் கழித்து அந்தக் காட்சியைப் பார்த்தபோது என்னால் உட்கார முடியவில்லை.

கோபமாக எழுதிவிட்டேன். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படிப்பட்டதைப் பார்க்கிற தாய் நீங்கள், உங்கள் மேல் எனக்கு அன்புதான். அந்தப் பையன் அழுதான் என்று படித்தபோது அவன் தலையைத் தடவிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது.

அவனிடம் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள். மார்ச் மாதம் முழுப் பரீட்சை தொடங்குகிற அன்று காலை, கஞ்சிக்குப் பிறகு, அவர் ஸ்டோர் ரூமைத் திறப்பாராம். தட்டில் ஆளுக்கு இரண்டு பிஸ்கட் வைப்பாராம். கொஞ்சம் நமுத்திருக்கும். அந்த விடுதியில் படித்து இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்ட ஓர் அண்ணன், பெரியம்மாவின் காரியத்துக்கு வந்திருந்தபோது என்னிடம் சொன்னார். கிறிஸ்துமஸ் கேக் எதுவும் அவருக்கு நினைவில் இல்லையாம்.