பெயரை நீக்கிவிட்டு வாக்கெடுப்பா?

கேள்வி: நான் கோவையில் பணிபுரியும் மென்பொருள் பொறியாளன், வயது 32. ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் ஐந்து ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். குடும்பம் போல இருந்த நாங்கள், இணையதளத்தில் உதவி ஆவணங்களை எப்படி அடுக்குவது என்பதில் இரண்டு அணிகளாகிவிட்டோம். மென்பொருளின் பகுதிகள் வாரியாக அடுக்க வேண்டும் என்பது ஓர் அணி. பயனர் செய்ய வரும் வேலை வாரியாக அடுக்க வேண்டும் என்பது எங்கள் அணி. சென்ற பொங்கல் விடுமுறையில், எல்லோரும் சேர்ந்து எழுதித் திருத்தும் தளமான விக்கியில் இருந்த 140 பக்கங்களையும் இரண்டே இரவில், ஒரே கமிட்டாக (ஒரே பதிவாக), மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளின் களஞ்சியத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். பழைய விக்கியை மூடிவிட்டோம். அவற்றில் பெரும்பாலானவற்றை எழுதிய மூத்தவர் அதன்பின் எதிலும் கலந்துகொள்வதில்லை. அவர் போகட்டும்; இருப்பவர்களாவது ஒரு முடிவுக்கு வர வேண்டாமா? வாக்கெடுப்பு நடத்தலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: நீங்கள் கேட்டதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது எளிது. ஆவணங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம் என்று டேனியேலே புரோச்சிடா வகுத்த முறையை உங்கள் இரு அணியினரும் அறிந்திருப்பீர்கள்: புதிதாகக் கற்பவருக்கான பாடம், ஒரு வேலையை முடிக்க வருபவருக்கான செய்முறை, விவரம் தேடுபவருக்கான குறிப்புத் தொகுப்பு, காரணம் அறிய விரும்புபவருக்கான விளக்கம். இதில் செய்முறைகளை வேலை வாரியாகவும், குறிப்புத் தொகுப்பை மென்பொருளின் பகுதிகள் வாரியாகவும் அடுக்குவதே இயல்பு. ஆக, இரண்டு அணிகளும் தத்தம் இடத்தில் சரியாகத்தான் பேசுகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் தீர்ந்துவிடும் இந்த விஷயம் எட்டு மாதமாக ஏன் தீரவில்லை என்பதற்கான காரணம், உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் எழுதிவிட்டுப் போன ஒரு சொல்லில் இருக்கிறது. "அதன்பின்."

எதன்பின், தம்பி? நீங்கள் 140 பக்கங்களை ஒரே கமிட்டாக மாற்றிய பின். விக்கியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாறு இருந்தது. எந்தத் தேதியில் யார் எதைச் சேர்த்தார் என்பது அதில் பதிவாகியிருந்தது. அந்த எழுத்தை மட்டும் எடுத்து உங்கள் கணக்கிலிருந்து ஒரே கமிட்டாகப் போட்டபோது, அவர் எழுதிய வரிகள் ஒவ்வொன்றின் எதிரிலும் உங்கள் பெயரும் அந்தப் பொங்கல் தேதியும் வந்து உட்கார்ந்துவிட்டன. நம்பவில்லை என்றால், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கிட் பிளேம் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். (அந்தக் கட்டளைக்குப் பழி என்று பொருள்படும் பெயரை வைத்தவர்கள் இப்படி ஒரு பொருத்தத்தை நினைத்திருக்க மாட்டார்கள்.) அவரும் ஒரு நாள் ஓட்டிப் பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயர் விட்டுப்போனதற்காகப் பதினைந்து வருடம் வாசல் மிதிக்காத குடும்பங்களை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அச்சகத்தில் விட்டுப்போனது, வேண்டுமென்று செய்யவில்லை என்று சொன்னால் சித்தப்பா கேட்கமாட்டார். அவர் எதிர்பார்ப்பது யாராவது ஒருவர் நேரில் வந்து நிற்பதைத்தான். உங்கள் கடிதத்தில் குடும்பம் போல என்றும் இருக்கிறது, அவர் போகட்டும் என்றும் இருக்கிறது. வீட்டுப் பெரியவர் இரண்டு வேளை சாப்பிட வரவில்லை என்றால் ஒருவராவது எழுந்துபோய் அறைக்கதவைத் தட்டுவார்கள். எட்டு மாதத்தில் உங்களில் ஒருவரும் தட்டவில்லை. இனி குடும்பம் என்ற சொல்லை நீங்கள் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பைத்தான் நிரல்மொழியின் ஆவணங்கள் ஒரு காலத்தில் லேடெக் என்ற அச்சுக்கோப்பு வடிவில் இருந்தன. 2007-இல் கியார்க் பிராண்டல் அவற்றை முழுவதுமாக வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலையில் இறங்கினார். அதற்காக அவர் எழுதிய கருவிதான் 2008-இல் ஸ்ஃபிங்ஸ் என்ற பெயரில் வெளிவந்தது. பழைய கருவிகள் அத்தனையும் போயின. ஆனால் அந்த ஆவணங்களைப் பற்றிய அறிமுகப் பக்கத்தைத் திறந்தால், பழைய கருவிகளை உருவாக்கி, உள்ளடக்கத்திலும் பெரும்பகுதியை எழுதிய ஃபிரெட் டிரேக்குக்கு நன்றி இருக்கிறது. அதே பக்கத்தில், ஆவணங்களுக்கு மாற்றாக வேறொரு முயற்சியைத் தொடங்கிய ஃபிரெட்ரிக் லுண்ட்டுக்கும், அவருடைய யோசனைகளை எடுத்துக்கொண்டோம் என்று நன்றி இருக்கிறது. உங்கள் திட்டத்தைவிடப் பல மடங்கு பெரிய மாற்றத்தைச் செய்தவர்களுக்கு இதற்கு நேரம் இருந்திருக்கிறது.

இதை வெறும் மரியாதைப் பிரச்சினை என்று தள்ளிவிடவும் முடியாது. உங்கள் விக்கி, படைப்புகளைப் பிறர் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஆக்குநரைச் சுட்டச் சொல்லும் வகையில் இருந்திருந்தால், எழுதியவர் பெயரைக் குறிப்பிடுவது அந்த எழுத்தைப் பயன்படுத்துவதற்கான நிபந்தனை. கட்டற்ற மென்பொருளில் தன்னார்வலர்களுக்குச் சம்பளம் இல்லை, பதவி இல்லை. தன் பெயர் தன் வேலையோடு நிற்கும் என்பது ஒன்றுதான் பலருக்கும் கிடைக்கும் கூலி. அதையும் நீங்கள் இரண்டு இரவில் எடுத்துக்கொண்டீர்கள். மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எதிரணி உங்களை நம்பாததற்குப் பக்கங்களின் வரிசை மட்டுமா காரணம்?

விக்கியின் தரவுத்தளக் காப்புப் பிரதி யாரிடமாவது இருக்கும். அதைத் தேடி எடுங்கள். களஞ்சியத்தின் வரலாற்றை இப்போது திருத்தி எழுதினால் மற்றவர்களின் பிரதிகள் குழம்பும், ஆகவே அதில் கைவைக்காமல், பழைய விக்கியைப் படிக்க மட்டும் முடிகிற நிலையில் வேறொரு முகவரியில் மீண்டும் ஏற்றி, ஒவ்வொரு புதிய பக்கத்தின் அடியிலும் எழுதியவர்கள் பெயர்களையும் பழைய வரலாற்றுக்கான சுட்டியையும் இடுங்கள். பழைய முகவரிகளுக்கு வருபவர்களை, பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று உலாவிக்குச் சொல்லும் 301 திருப்பிவிடல் மூலம் புதிய பக்கங்களுக்கு அனுப்புங்கள். இணைய முகவரிகளை மாற்றக் கூடாது என்று, வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே எழுதினார். உங்கள் மூத்தவர் பல ஆண்டுகளாகப் பயனர்களுக்கு அனுப்பிய சுட்டிகள் எல்லாம் இன்று வெற்றுப் பக்கத்தில் போய் முட்டுகின்றன. இனி எதை மாற்றினாலும், கிட்டில் எழுதியவர் பெயரையும் சேர்த்தவர் பெயரையும் தனித்தனியே பதிய வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு அவரை அழையுங்கள். மின்னஞ்சல் வேண்டாம், தொலைபேசியில் அழையுங்கள். அவர் போக முடிகிற தூரத்தில் இருந்தால் நேரில் போங்கள். என்ன செய்தீர்கள் என்பதை நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள், விடுமுறையைத் தியாகம் செய்த கதையை அதில் சேர்க்காதீர்கள். எந்த அணியின் பக்கம் நிற்கிறீர்கள் என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிடவும் வேண்டாம். வாக்கெடுப்பு அதுவரை காத்திருக்கட்டும்.