ஃபர்லோவில் பாஸ் என்ன ஆகும்?

அமெரிக்க விமான நிறுவனங்களில் ஃபர்லோ கடிதம், அதாவது ஆள் குறைப்பில் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பும் கடிதம், கைக்கு வந்தவர்கள் என்னிடம் கேட்டவை இவை. பாஸ் என்பது ஊழியரும் குடும்பத்தாரும் காலி இருக்கையில் இலவசமாகவோ குறைந்த செலவிலோ பறக்கும் சலுகை. 2020 அக்டோபரில் நானும் அந்தக் கடிதத்தை வாங்கியவன். அதற்கு முன்னும் பின்னும் விமான நிலையத்தில், பயணிகளை விமானத்தில் ஏற்றும் கேட்டில்தான் வேலை.

கேள்வி: அண்ணா, வேலை போனதும் பாஸும் போய்விடுமா?

ஃபர்லோ என்றால் வேலை அறவே போனதாக ஆகாது, தம்பி. உங்கள் பெயர் சீனியாரிட்டிப் பட்டியலில் இருக்கும். ஆள் தேவைப்படும்போது அந்த வரிசைப்படி கூப்பிடுவார்கள். ஆனால் பாஸ் சட்டம் கொடுத்த உரிமை இல்லை. யூனியன் ஒப்பந்தமும் நிறுவனத்தின் விதியும் உங்கள் கடிதமும் சொல்வதுதான் கணக்கு. சில இடங்களில் சில மாதங்கள் ஓடும், சில இடங்களில் கடைசி வேலைநாளோடு சரி. மேலாளர் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி இருக்காதீர்கள். பேட்ஜைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: உண்மையிலேயே திரும்பக் கூப்பிடுவார்களா?

2020இல் கூப்பிட்டார்கள். கொரோனாவுக்காக அரசு கொடுத்த சம்பள உதவியின் நிபந்தனையால் செப்டம்பர் 30 வரை யாரையும் கட்டாயமாக அனுப்ப முடியவில்லை. மறுநாளே அமெரிக்கன் ஏர்லைன்ஸில் சுமார் 19,000 பேர், யுனைடெட்டில் சுமார் 13,000 பேர் வெளியே. டிசம்பர் கடைசியில் அந்த உதவியை மீண்டும் கொடுக்கும் புதிய சட்டம் வந்ததும் டிசம்பர் 1 முதல் கணக்கிட்டுச் சம்பளத்தோடு திரும்ப எடுத்தார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அனுப்பப்பட்ட விமானிகளில் சிலரோ பத்து வருடம் காத்திருந்தார்கள். அதனால் வீடு மாறினால் முகவரியை உடனே மாற்றிக் கொடுங்கள். அழைப்புக் கடிதத்துக்குக் கெடு உண்டு. அது தவறினால் சீனியாரிட்டியே போய்விடலாம்.

கேள்வி: நான் விமானி. ஜம்ப்சீட்டில் (காக்பிட்டில் உள்ள கூடுதல் இருக்கையில்) போகலாமா?

பெரும்பாலும் முடியாது. காக்பிட்டில் ஏற்றும் முன் நீங்கள் இப்போது பணியில் இருக்கிறீர்களா என்று கணினியில் பார்ப்பார்கள். அங்கே பெயர் இல்லையென்றால் பழைய அடையாள அட்டைக்கு மதிப்பில்லை.

கேள்வி: சென்னையில் அப்பா அம்மா இருக்கிறார்கள். வேறு நிறுவனத்தின் விமானத்தில் சலுகைக் கட்டணம் கிடைக்குமா?

ZED கட்டணத்தைத்தானே, அதாவது மற்ற நிறுவன ஊழியர்களுக்கான சலுகைக் கட்டணத்தைத்தானே கேட்கிறீர்கள்? அது நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். சொந்த நிறுவனத்தில் பாஸ் நீடித்தாலும் இது தனியாக நின்றுபோகலாம். ஃபிராங்க்ஃபர்ட் வரை சொந்த விமானம், அங்கிருந்து சென்னைக்கு ZED கட்டணத்தில் வேறு விமானம் என்று திட்டம் போட்டால் இரண்டாவது பாதியை முதலில் உறுதி செய்யுங்கள். பெற்றோரை வைத்துக்கொண்டு நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

கேள்வி: வேறு ஊரில் நேர்காணல். ஸ்டாண்ட்பையில் (இடம் காலியிருந்தால் மட்டும் ஏறும் முறையில்) போகலாமா?

இதற்குத்தான் என் மனம் அதிகம் பதறுகிறது. ஃபர்லோவில் இருந்தபோது நானும் அப்படிக் கிளம்பினேன். முதல் நாள் பார்த்தபோது பதினான்கு இடம் காலி. காலையில் அதே ஊருக்குப் போகும் முந்தைய விமானம் ரத்தாகி, அந்தக் கூட்டம் முழுவதும் எங்கள் கேட்டுக்கு வந்துவிட்டது. காத்திருப்போர் பட்டியல் ஓடும் திரையில் என் பெயரின் மூன்றெழுத்து நான்காவதாக நின்றது. மூன்று பேரை ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். இத்தனை வருடம் நான் சாத்திய அதே மாதிரிக் கதவு. நேர்காணல் போயிற்று.

அதனால் ஒரு நாள் முன்னதாகப் போங்கள். முடிந்தால் அன்றைய முதல் விமானத்தில் பெயர் கொடுங்கள். அமெரிக்கனில் செக்-இன் செய்த நேரப்படி வரிசை; யுனைடெட்டிலும் டெல்டாவிலும் சீனியாரிட்டிப்படி. வேலை கிடைக்குமா என்பதே அந்தப் பயணத்தில் இருக்கிறதென்றால், கடன் வாங்கியாவது டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கையில் பணமில்லை. பட்டி பாஸை (buddy pass, நண்பர்களுக்குக் கொடுக்கும் பாஸ்) விற்றால் என்ன?

வேண்டாம், தங்கச்சி. கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் பிடிபட்டால் பாஸ் மட்டும் போகாது, திரும்ப அழைக்கப்படும் உரிமையும் சேர்ந்து போகும். வாங்கியவர் கேட்டில் நின்று "இவ்வளவு கொடுத்தேனே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் காதாலேயே கேட்டிருக்கிறேன். யூனியனில் கஷ்டநிதி இருக்கிறதா என்று இன்றே போன் செய்து கேளுங்கள்.